கையெழுத்துப் போடுவது யார்? குடியேற்றச் சட்டப் பணிகள்: வாசகர் கேள்வி பதில்

விசா, குடியேற்றச் சட்டம் சார்ந்த வேலைகள் பற்றிக் கேள்விகள் அனுப்பும்படி சென்ற இதழில் வாசகர்களைக் கேட்டிருந்தோம். "எனக்கு எப்போது விசா கிடைக்கும்?" என்று வந்த கடிதங்களை மரியாதையோடு ஒதுக்கிவைத்துவிட்டோம். அடுத்தவருடைய விசாவைத் தன் தொழிலாக்கிக்கொள்ள நினைப்பவர்களின் கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில்.

பி.ஏ., எல்.எல்.பி. ஐந்தாம் ஆண்டு படிக்கிறேன். அமெரிக்காவில் இமிக்ரேஷன் வக்கீலாக ஆசை. அங்கே போய் எல்.எல்.எம். படித்தே தீர வேண்டுமா? வீட்டை அடமானம் வைக்கத் தயார் என்கிறார் அப்பா.
– சட்டக் கல்லூரி மாணவி, திருச்சி

வீட்டுப் பத்திரம் இப்போதைக்கு பீரோவிலேயே இருக்கட்டும். கடனுக்கு அலைவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

அமெரிக்காவில் வக்கீல் உரிமத்தைத் தருவது மாநிலம். குடியேற்றச் சட்டமோ மத்திய சட்டம். அதனால் எந்த ஒரு மாநிலத்தில் பதிவு பெற்றாலும் நாடு முழுவதும் குடியேற்ற வழக்குகளை எடுத்து நடத்தலாம். நியூயார்க்கில் பதிவு பெற்றவர் டெக்சாஸில் உட்கார்ந்து எச்-1பி (அமெரிக்க நிறுவனத்தில் வேலை செய்வதற்கான விசா) மனு போடலாம். டெக்சாஸ்காரரின் விவாகரத்தில் மட்டும் வாய் திறக்கக் கூடாது. ஆகவே, வெளிநாட்டில் சட்டம் படித்தவரை எந்த மாநிலம் எளிதாகத் தேர்வு எழுத விடுகிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். நடைமுறையில் அது நியூயார்க் அல்லது கலிபோர்னியா.

நியூயார்க் விதி இரண்டு விஷயங்களைப் பார்க்கிறது: நீங்கள் படித்தது ஆங்கிலேய வழிப் பொதுச் சட்டமா, படித்த காலம் அவர்களுடைய மூன்றாண்டுப் படிப்புக்கு ஈடாக இருக்கிறதா. இரண்டும் சரியாக இருந்தால் எல்.எல்.எம். இல்லாமலே தேர்வு எழுத அனுமதி கிடைக்கலாம். ஒன்றில் குறை இருந்தால்தான் அதைச் சரிக்கட்ட எல்.எல்.எம். தேவைப்படும். இதை முடிவு செய்கிற அதிகாரம் அந்த மாநிலத்தின் சட்டத் தேர்வு வாரியத்துக்கு. அதனால் முதல் வேலையாக, உங்கள் படிப்பை மதிப்பிடச் சொல்லி அவர்களுக்கு விண்ணப்பியுங்கள். மதிப்பெண் பட்டியலைப் பல்கலைக்கழகமே முத்திரையிட்ட உறையில் நேரடியாக அனுப்ப வேண்டும். உங்கள் கையிலிருக்கும் நகலுக்கு மதிப்பில்லை. நம் பல்கலைக்கழக அலுவலகங்கள் அந்த உறையை அனுப்ப எத்தனை நாள் எடுக்கும் என்பதை நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வருடம் முன்கூட்டியே தொடங்குங்கள்.

எல்.எல்.எம். தேவை என்று பதில் வந்தால் எல்லா எல்.எல்.எம்.மும் உதவாது. குறைந்தது 24 கிரெடிட், இரண்டு செமஸ்டர், நேரில் வகுப்பில் உட்கார்ந்து படித்ததாக இருக்க வேண்டும். அதில் தொழில் ஒழுக்கம் 2 கிரெடிட், சட்ட ஆய்வும் எழுத்தும் 2, அமெரிக்கச் சட்ட அறிமுகம் 2, தேர்வில் கேட்கிற பாடங்களில் 6 கட்டாயம். குடியேற்றச் சட்டத்தின் மேல் உள்ள ஆசையில் எல்லா கிரெடிட்டையும் அதிலேயே செலவழித்துவிட்டு, கடைசியில் தேர்வெழுதத் தகுதி இல்லாமல் நிற்கிறவர்கள் உண்டு. ஒவ்வொரு பாடத்தைச் சேர்க்கும்போதும் இந்தக் கணக்கைக் கையில் வைத்திருங்கள்.

அதன்பின் 266 மதிப்பெண் எடுக்க வேண்டிய பொதுத் தேர்வு, 85 எடுக்க வேண்டிய தொழில் ஒழுக்கத் தேர்வு, 50 மணி நேர இலவசச் சட்ட சேவை, நன்னடத்தை விசாரணை. கலிபோர்னியாவில் விஷயம் வேறு. இங்கே பார் கவுன்சிலில் பதிவு செய்து வழக்கறிஞரானவர் அங்கே எல்.எல்.எம். இல்லாமல் தேர்வு எழுதலாம். நீங்கள் படிப்பு முடித்து இங்கே பதிவு செய்துகொள்வது இரண்டு வழிக்கும் உதவும்.

இன்னொரு சிக்கலையும் சொல்ல வேண்டும். எல்.எல்.எம். முடித்தவருக்குக் கிடைக்கிற ஓ.பி.டி. வேலை அனுமதி 12 மாதம்தான். பொறியியல் படித்தவர்களுக்குக் கிடைக்கிற 24 மாத நீட்டிப்பு சட்டப் படிப்புக்குக் கிடையாது. மே மாதம் படிப்பு முடிந்து, ஜூலையில் தேர்வு எழுதி, இலையுதிர்காலத்தில் முடிவு வந்து, நன்னடத்தை விசாரணையும் முடிவதற்குள் அந்த 12 மாதத்தில் பெரும்பகுதி கரைந்துவிடும். ஊருக்கெல்லாம் விசா வாங்கித் தரப்போகிறவருக்கே விசா தேட வேண்டிய நிலை. எனவே, எல்.எல்.எம். படிக்கும்போதே எச்-1பி மனுப் போடத் தயாராக இருக்கும் அலுவலகம் எது என்று விசாரித்து வையுங்கள்.

பி.காம். முடித்தவன். ஓர் ஐ.டி. கம்பெனியின் இமிக்ரேஷன் டீமில் ஜூனியர் வேலை கிடைத்திருக்கிறது. "டாக்குமெண்ட் வேலைதான்" என்கிறார்கள். உண்மையில் என்ன வேலை? இதில் எதிர்காலம் உண்டா?
– அம்பத்தூர், சென்னை

டாக்குமெண்ட் வேலைதான். ஆனால் அந்த டாக்குமெண்டில் ஓர் எழுத்து பிசகினால் ஒரு குடும்பம் விமான நிலையத்தில் நிற்கும். உங்கள் முதல் ஆறு மாதத்தில் மூன்று விஷயங்கள் திரும்பத் திரும்ப வரும்.

முதலாவது பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். மார்க் ஷீட்டில் "சு. செந்தில்குமார்", பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி, கொடுக்கப்பட்ட பெயர்க் கட்டத்தில் "செந்தில்குமார்". அமெரிக்க விசாவில் இது தலைகீழாகும். செந்தில்குமார் குடும்பப் பெயராகிவிடும், பெயர்க் கட்டத்தில் "எஃப்.என்.யூ." என்று அச்சாகும். பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். அவர் அங்கே இறங்கியபின் தன் ஐ-94 வருகைப் பதிவை இணையத்தில் தேடினால் "பதிவு இல்லை" என்று வரும், ஏனென்றால் அந்த மூன்று எழுத்துகளையும் பெயராகப் போட்டுத் தேட வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. சிலர் அப்பா பெயரை முன்னால் போட்டு இனிஷியலை விரிப்பார்கள், சிலர் பின்னால் போடுவார்கள். அனுபவச் சான்றில் ஒரு மாதிரியும் பட்டத்தில் இன்னொரு மாதிரியும் இருந்தால், கோப்பைப் படிக்கிற அதிகாரிக்கு அப்பா யார், பிள்ளை யார் என்றே குழப்பம் வரும். பெயரைத் திருத்த வேண்டுமானால் மனுப் போடுவதற்கு முன்பே பாஸ்போர்ட்டில் திருத்தச் சொல்லுங்கள். நடுவில் மாற்றினால் பாதிக் காகிதம் பழைய பெயரிலும் பாதி புதிய பெயரிலும் நிற்கும்.

இரண்டாவது, பிறப்புச் சான்றிதழ். எச்-1பிக்கு யாரும் கேட்பதில்லை என்பதால் மறந்துபோவார்கள். கிரீன் கார்டின் கடைசிக் கட்டத்தில்தான் கேட்பார்கள். எடுத்துப் பார்த்தால் "ஆண் குழந்தை" என்று மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. ஊரில் உள்ளாட்சி அலுவலகத்தில் பெயரைச் சேர்க்க வேண்டும். பதிவே ஆகவில்லை என்றால், பதிவில்லை என்ற சான்றும், பிறப்பை நேரில் அறிந்த பெரியவர்கள் இருவரின் உறுதிமொழிப் பத்திரமும், பத்தாம் வகுப்புச் சான்றும் சேர்த்து அனுப்ப வேண்டும். வேலையில் சேர்ந்த அன்றே ஊழியரிடம் இதைக் கேட்டு வாங்கி வைக்கிற டீம்தான் நல்ல டீம்.

மூன்றாவது, மூன்றாண்டுப் பட்டம். உங்கள் பி.காமையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க இளநிலைப் பட்டம் நான்காண்டு. எச்-1பியில் மூன்று ஆண்டு வேலை அனுபவத்தை ஓராண்டுப் படிப்பாகக் கணக்கிட்டு இடைவெளியை நிரப்ப முடியும். கிரீன் கார்டின் இ.பி.-2 பிரிவில் (உயர்பட்டம் உள்ளவர்களுக்கானது) அந்தக் கணக்கு செல்லாது. எச்-1பி வாங்கிய அதே காகிதங்களை அப்படியே எடுத்து இ.பி.-2க்குப் போட்டு மறுப்பு வாங்குவது பழைய கதை, இன்றைக்கும் நடக்கிறது.

எதிர்காலம் பற்றி: ஜூனியரிலிருந்து கேஸ் மேனேஜர், பிறகு டீம் லீட் என்று போகலாம். ஆனால் மனுவில் கையெழுத்துப் போடுவது அமெரிக்க வக்கீல். நிறுவனத்தின் சார்பில் போடுவது நிறுவன அதிகாரி. "எந்த விசாவுக்குப் போடலாம்?" என்று ஊழியர் கேட்டால், பதில் தெரிந்தாலும் வக்கீலிடம் அனுப்புங்கள். உங்கள் பதில் சட்ட ஆலோசனை ஆகிவிடும்.

மனிதவளத் துறையில் ஒன்பது ஆண்டு அனுபவம். எங்கள் நிறுவனத்தின் குளோபல் மொபிலிட்டி (ஊழியர்களை நாடுவிட்டு நாடு அனுப்பும் பணி), இமிக்ரேஷன் புரோகிராமுக்குத் தலைமை ஏற்கச் சொல்கிறார்கள். சட்டம் படிக்கவில்லை. சமாளிக்க முடியுமா?
– கோயம்புத்தூர்

முடியும். இந்தப் பதவிக்குச் சட்டப் பட்டத்தைவிட நாள்காட்டிப் புத்திதான் அதிகம் வேண்டும். சட்டத்தை வெளி வக்கீல் நிறுவனம் பார்த்துக்கொள்ளும். அவர்களுக்குச் சரியான தகவலைச் சரியான நாளில் கொடுப்பது உங்கள் பொறுப்பு. அதைச் செய்யாமல் போனால் எந்த வக்கீலாலும் காப்பாற்ற முடியாது.

அமெரிக்கப் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். எச்-1பிக்கு ஆண்டு உச்சவரம்பு 65,000. அமெரிக்க முதுநிலைப் பட்டதாரிகளுக்குக் கூடுதலாக 20,000. பதிவு மார்ச்சில். அப்படியானால் ஜனவரியிலேயே மேலாளர்களிடமிருந்து பெயர்ப் பட்டியல் வந்தாக வேண்டும். பதிவு செய்தவர்களில் தேர்வானவருக்கு எல்.சி.ஏ. (உரிய சம்பளம் தருவதாகத் தொழிலாளர் துறையிடம் நிறுவனம் கொடுக்கும் உறுதிமொழி) எடுக்க ஏழு வேலை நாள். அதைத் தாக்கல் செய்த அடுத்த வேலை நாளுக்குள், யார் கேட்டாலும் காட்டக்கூடிய பொதுக் கோப்பு தயாராக இருக்க வேண்டும். ஆய்வுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது இந்தக் கோப்பைத்தான். பல நிறுவனங்கள் அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகின்றன.

எச்-1பி மொத்தம் ஆறு ஆண்டு. அதைத் தாண்டி ஓராண்டு நீட்டிப்பு வேண்டுமானால் பெர்ம் (கிரீன் கார்டுக்கான தொழிலாளர் சான்று விண்ணப்பம்) அல்லது ஐ-140 (அதன்பின் நிறுவனம் போடும் கிரீன் கார்டு மனு) தாக்கல் ஆகி 365 நாள் ஆகியிருக்க வேண்டும். ஐ-140 அனுமதி ஆகிவிட்டால் மூன்றாண்டு நீட்டிப்பு. கேட்க எளிதாக இருக்கும். ஆனால் பெர்ம் போடுவதற்கு முன் சம்பள நிர்ணயம் வாங்க வேண்டும். பிறகு இரண்டு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை விளம்பரம், மாநில வேலைவாய்ப்பு அலுவலகத்தில் 30 நாள் அறிவிப்பு, கூடுதலாக மூன்று வகை விளம்பரம். எல்லாம் முடிந்து 30 நாள் காத்திருக்க வேண்டும். முதல் விளம்பரம் 180 நாளுக்கு மேல் பழையதாகவும் ஆகிவிடக் கூடாது. அனுமதி வந்த 180 நாளுக்குள் ஐ-140 போட வேண்டும். இதையெல்லாம் ஐந்தாம் ஆண்டில் தொடங்கினால் ஆள் மூட்டை கட்ட வேண்டியதுதான். மூன்றாம் ஆண்டிலேயே தொடங்குவதை விதியாக எழுதி வையுங்கள். அந்த நேரத்தில் அதே ஊரில் அதே வகைப் பணியில் ஆட்குறைப்பு நடந்தால் பெர்ம் சிக்கலாகும். ஆகவே ஆட்குறைப்புத் திட்டம் போடுகிற கூட்டத்தில் உங்களுக்கும் ஒரு நாற்காலி வேண்டும், கேட்டு வாங்குங்கள். அந்த பெர்ம் செலவையும் அதற்கான வக்கீல் கட்டணத்தையும் நிறுவனமே ஏற்க வேண்டும் என்பது 2007 முதல் விதி. சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்று நிதித் துறையில் யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள்.

பெரும்பாலும் தவறு நடப்பது ஊழியர் இடம் மாறும்போது. டல்லாஸில் வேலை என்று மனு. ஊழியரின் மனைவிக்கு அட்லாண்டாவில் வேலை கிடைக்கிறது. இவரும் அங்கே போய் வீட்டிலிருந்தே வேலை செய்கிறார். மேலாளர் "சரி" என்று சொல்லிவிட்டார், உங்களுக்குத் தெரியாது. அமெரிக்க நிர்வாக மேல்முறையீட்டு அலுவலகத்தின் 2015-ம் ஆண்டு சிமியோ முடிவின்படி, வேறு பெருநகரப் பகுதிக்கு வேலையிடம் மாறினால் திருத்த மனு கட்டாயம். முகவரி மாற்றம் சம்பளப் பட்டியல் மென்பொருளில் ஏறியதும் உங்களுக்குத் தானாக மின்னஞ்சல் வருகிற ஏற்பாட்டைச் செய்யுங்கள். பிரிட்டனில் வெளிநாட்டு ஊழியரை ஸ்பான்சர் செய்யும் உரிமமும் இருந்தால், அங்கே ஸ்பான்சர் செய்த ஊழியர் விஷயத்தில் மாற்றம் நடந்தால் 10 வேலை நாளுக்குள் உள்துறைக்குச் சொல்ல வேண்டும். அங்கே தவறினால் நிறுவனத்தின் உரிமமே போகும், எல்லா ஊழியரின் விசாவும் சேர்ந்து ஆடும்.

இன்னொன்று சின்ன விஷயம் போலத் தெரியும். அனுமதிக் கடிதத்தில் மூன்றாண்டு இருக்கும். ஊழியரின் பாஸ்போர்ட் எட்டு மாதத்தில் காலாவதி ஆகும் என்றால், விமான நிலைய அதிகாரி அந்த எட்டு மாதத்துக்கு மட்டுமே ஐ-94 கொடுத்து அனுப்பலாம். ஊழியர் மூன்றாண்டு என்று நினைத்துக்கொண்டிருப்பார். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் ஐ-94ஐ இறக்கி அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் பின்தொடர வேண்டிய தேதி அதுதான்.

தலைமை என்பது எங்கே தேவைப்படுகிறது என்பதற்கு ஓர் உதாரணம். 2025 செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை. புதிய எச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் என்ற அமெரிக்க அதிபரின் அறிவிப்பு கையெழுத்தாகிறது. சனிக்கிழமை நள்ளிரவு தாண்டி ஞாயிறு பிறந்ததும் அமல். ஏற்கெனவே விசா வைத்து ஊருக்கு வந்திருப்பவர்களுக்கும் பொருந்துமா என்பது அந்த வார இறுதிவரை தெளிவாகவில்லை. பிறகுதான் புதிய மனுக்களுக்கு மட்டும் என்றார்கள். அந்த சனிக்கிழமை காலையில், யார் யார் அமெரிக்காவுக்கு வெளியே இருக்கிறார்கள், அவர்கள் கைப்பேசி எண் என்ன என்ற பட்டியலைப் பத்து நிமிடத்தில் எடுக்க முடிந்த நிறுவனங்கள் தப்பித்தன. மற்றவை வாட்ஸப் குழுக்களில் வதந்தியைப் படித்துக்கொண்டிருந்தன. அந்தப் பட்டியல் இன்று உங்கள் நிறுவனத்தில் இருக்கிறதா? பதவியேற்ற முதல் வாரத்தில் பாருங்கள்.

நியூஜெர்சியில் இருக்கிறேன், கிரீன் கார்டு உண்டு. கோயிலுக்கு வரும் முதியவர்களுக்குக் குடியுரிமை விண்ணப்பம் நிரப்ப உதவுகிறேன். இதையே முறையாகச் செய்ய வக்கீல் படிப்பு வேண்டுமா?
– எடிசன்

வேண்டாம். அமெரிக்க நீதித் துறை "அங்கீகரிக்கப்பட்ட பிரதிநிதி" என்று ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறது. வக்கீல் அல்லாதவரும் முழு உரிமையோடு வாதாட வழி செய்கிற அபூர்வமான இடம் இது. நிபந்தனை, தனியாளாகச் செய்ய முடியாது. வரிவிலக்குப் பெற்ற, ஏழைகளுக்குச் சேவை செய்கிற லாப நோக்கற்ற அமைப்பு ஒன்று முதலில் தனக்கு அங்கீகாரம் வாங்கி, பிறகு உங்களுக்காக இ.ஓ.ஐ.ஆர்.-31ஏ படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பகுதி அங்கீகாரம் என்றால் குடியேற்ற அலுவலகத்தோடு நிற்கும். முழு அங்கீகாரம் என்றால் குடியேற்ற நீதிமன்றம் வரை போகலாம். மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

அதுவரை எல்லை இதுதான்: அவர் சொல்வதை அப்படியே எழுதித் தரலாம். எந்தப் படிவம், எந்தக் கேள்விக்கு என்ன பதில் நல்லது என்று நீங்கள் சொல்லத் தொடங்கினால், காசு வாங்காவிட்டாலும் அது சட்ட ஆலோசனை. குறிப்பாக, "எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா?" என்ற கேள்விக்குத் தயங்குகிற தாத்தாவை நேராக வக்கீலிடம் அனுப்பிவிடுங்கள்.

அமெரிக்காவில் எம்.எஸ். முடிக்கப் போகிறேன். எங்கள் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் டி.எஸ்.ஓ. (வெளிநாட்டு மாணவர்களின் ஆவணங்களுக்குப் பொறுப்பான அதிகாரி) ஆக முடியுமா?
– ஒரு மாணவர்

இப்போது முடியாது. ஐ-20 (மாணவர் விசாவுக்கான தகுதிச் சான்று) கொடுக்கும் அந்தப் பதவிக்கு அமெரிக்கக் குடிமகனாகவோ கிரீன் கார்டுக்காரராகவோ இருக்க வேண்டும். அதே அலுவலகத்தில் ஆலோசகராகவோ உதவியாளராகவோ சேரலாம். மாணவர்த் தரவுத் தளத்தில் கை வைக்கிற உரிமை மட்டும் கிடைக்காது.

தங்கை கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறாள், பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) உண்டு. இங்கே பி.ஏ. படித்தவள். குடிவரவு ஆலோசகர் ஆக விரும்புகிறாள்.
– யாழ்ப்பாணம்

கனடாவில் இது ஒழுங்கான தொழில்பாதை. அங்கே 2021 நவம்பர் முதல் குடிவரவு, குடியுரிமை ஆலோசகர்களுக்கென்று சட்டபூர்வக் கல்லூரி இயங்குகிறது. கல்லூரி என்றாலும் பாடம் நடத்துகிற இடமல்ல, உரிமம் கொடுத்துக் கண்காணிக்கிற அமைப்பு. பட்டதாரி டிப்ளோமா ஒன்றை முடிக்க வேண்டும். ஆங்கிலத்தில் அதை நடத்துவது குயின்ஸ் பல்கலைக்கழகம், இணையவழியில் படிக்கலாம். பிறகு தொழில் நுழைவுத் தேர்வு, தொழிற்காப்பீடு, பதிவு. குடியுரிமையோ பி.ஆர்.ஓ இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உங்கள் தங்கைக்குப் பிரச்சினை இல்லை.

அகதி விசாரணைகளில் முன்னிலையாக நினைத்தால் சாதாரண உரிமம் போதாது. குடிவரவு, அகதிகள் வாரியத்துக்கு முன் நிற்பதற்கென்று தனி வகுப்பு உரிமம் உண்டு. தமிழ் பேசத் தெரிந்த ஆலோசகருக்கு ஸ்காபரோவில் வேலை எங்கே இருக்கிறது என்று யோசித்தால் இந்த இரண்டாவது உரிமம் பயன்படும்.

உரிமம் வரும்வரை ஒரு டாலர்கூட வாங்கக் கூடாது. கனடாவின் சட்டத்தில் 91-ம் பிரிவு அதைக் குற்றமாக்குகிறது. (பிரிட்டனின் 1999-ம் ஆண்டுச் சட்டத்திலும் இந்தக் குற்றத்துக்கான பிரிவு 91தான். தற்செயல், ஆனால் நினைவில் வைக்க வசதி.) தன் பெயரைப் படிவத்தில் காட்டாமல் பின்னால் இருந்து விண்ணப்பம் தயாரிக்கிறவரை அங்கே "கோஸ்ட் கன்சல்டன்ட்" என்கிறார்கள். அந்தப் பேய் எழுதிய பொய்க்குப் பொறுப்பு விண்ணப்பதாரர்மேல் விழும். தவறான தகவல் என்று முடிவானால் ஐந்தாண்டுத் தடை.

நான் இலங்கையில் சட்டத்தரணி. இப்போது லண்டன், ஹாரோவில் வசிக்கிறேன். இங்கே குடிவரவு ஆலோசனை கொடுக்க அந்தப் பதிவு போதுமா?

போதாது. குடிவரவு ஆலோசனை ஆணையத்தில் பதிய வேண்டும். 2025 ஜனவரிவரை ஓ.ஐ.எஸ்.சி. என்றிருந்தது இதுதான், பழைய பெயர்ப்பலகைகள் இன்னும் தொங்குகின்றன. மூன்று நிலை: முதல் நிலை ஆலோசனை, இரண்டாவது வழக்குத் தயாரிப்பு, மூன்றாவது தீர்ப்பாயத்தில் வாதாடுவது. புகலிட வழக்குகளை முதல் நிலையில் எடுத்து நடத்த முடியாது. உங்கள் அனுபவத்துக்கு முதல் நிலையில் நுழைந்து மேலே போவது சீக்கிரம் பலன் தரும்.

சொலிசிட்டர் ஆவதுதான் நோக்கம் என்றால் அதற்கான தகுதித் தேர்வான எஸ்.க்யூ.இ. எழுதுங்கள். முதல் கட்டம் 180 கேள்விகள் கொண்ட இரண்டு தாள்கள், இரண்டாம் கட்டம் எழுத்தும் வாய்மொழியும். வெளிநாட்டில் தகுதி பெற்ற வழக்கறிஞர் என்பதால் இரண்டாண்டுப் பணி அனுபவ நிபந்தனை உங்களுக்கு இல்லை.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் அலுவலகம் தொடங்கலாம் என்று இருக்கிறேன். என்ன முதலீடு வேண்டும்?
– தஞ்சாவூர்

கடை வாடகையைக் கணக்குப் போடுவதற்கு முன்: 1983-ம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி வெளியுறவு அமைச்சகத்தின் உரிமம் இல்லாமல் ஒருவரைக்கூட அனுப்ப முடியாது. நூறு பேருக்கு மேல் அனுப்பும் உரிமத்துக்கு 50 லட்சம் ரூபாய் வங்கி உத்தரவாதம். தொழிலாளியிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். "உரிமம் உள்ளவருக்கு சப்-ஏஜென்டாக இருந்துகொள்கிறேன்" என்பது வழியே அல்ல, அதுவும் சட்டவிரோதம். ஊரில் ஆளுக்கு ஒன்றரை லட்சம் வாங்குகிறவர்களைப் பார்த்துக் கணக்குப் போட்டிருந்தால், அந்தக் கணக்கை அழித்துவிடுங்கள்.

வழக்கறிஞராகப் பதிவு செய்து இரண்டாண்டு ஆகிறது. மண்டபம் இலங்கை அகதிகள் முகாமில் இருப்பவர்களுக்காக வேலை செய்ய ஆர்வம். எங்கிருந்து தொடங்குவது?
– ராமநாதபுரம்

பிறந்த தேதியிலிருந்து தொடங்குங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. இந்தியா 1951-ம் ஆண்டு அகதிகள் ஒப்பந்தத்தில் சேரவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. 2019-ம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத் திருத்தமும் இலங்கையைச் சேர்க்கவில்லை. எனவே உங்கள் ஆயுதம் 1955-ம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம். அதன்படி 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமகன். 1986-ல் மண்டபத்தில் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் கொடுக்க 2022-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது இந்த அடிப்படையில்தான். 1987 ஜூலை முதல் 2004 டிசம்பர் 3-க்கு முன்புவரை பிறந்தவர் என்றால் பெற்றோரில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு நிபந்தனை இன்னும் இறுக்கம்.

ஆகவே முகாமுக்குப் போனதும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு தாள் போடுங்கள்: பிறந்த தேதி, பிறந்த இடம், ஆதாரம். மகப்பேறு நடந்த அரசு மருத்துவமனைப் பதிவேடு, முகாம் பதிவேடு, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு மூன்றிலும் தேதி ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பள்ளியில் சேர்ப்பதற்காக வயதை மாற்றிச் சொன்ன ஒரே காரணத்தால் 1987 ஜூனில் பிறந்தவர் காகிதத்தில் 1988 ஆகியிருப்பார். மலையகத் தமிழர் (இலங்கைத் தோட்டங்களில் வேலை செய்த இந்திய வம்சாவளியினர்) குடும்பம் என்றால், அவர்களில் ஒரு பகுதியினருக்கு இந்தியக் குடியுரிமை தர ஒப்புக்கொண்ட 1964-ம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தக் காலத்தில் தாத்தா போட்ட விண்ணப்பம், தோட்டத்தில் கொடுத்த துண்டுச் சீட்டு, ஏதாவது டிரங்குப் பெட்டியில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு வழக்கே அந்தச் சீட்டில் நிற்கலாம்.

2025-ல் வந்த புதிய குடியேற்ற, வெளிநாட்டினர் சட்டத்தின்கீழ், 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு ஆவணமின்றித் தங்கியிருப்பதற்கான தண்டனையிலிருந்து விலக்கு உண்டு. அது தண்டனையிலிருந்துதான் விலக்கு, குடியுரிமை அல்ல. முகாமில் பலர் இரண்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள். முதல் நாளே விளக்கிவிடுங்கள்.

கொரிய நிறுவனத்தில் நிர்வாகப் பிரிவு. வெளிநாட்டுப் பொறியாளர்களின் விசா வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். கவனிக்க வேண்டியது என்ன?
– ஸ்ரீபெரும்புதூர்

வேலை விசாவுக்குச் சம்பளம் ஆண்டுக்கு 16.25 லட்சம் ரூபாய்க்குமேல் இருக்க வேண்டும். கொரியச் சமையல்காரர், மொழிபெயர்ப்பாளர் போன்றவர்களுக்கு விலக்கு உண்டு. 180 நாளுக்கு மேற்பட்ட விசா என்றால் வந்து 14 நாளுக்குள், வெளிநாட்டினர் பதிவுக்கான இ-எஃப்.ஆர்.ஆர்.ஓ. இணையதளத்தில் பதிவு. வாடகை வீட்டில் தங்குகிறவர் என்றால் 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் தகவல் கொடுக்க வேண்டும். அவருக்கு அது தெரியாது, நீங்கள்தான் உடன் உட்கார்ந்து பதிவேற்ற வேண்டும். பதினைந்தாம் நாள் பதிவு செய்யப் போய் அபராதம் கட்டுகிற கூத்து பெரும்பாலும் இந்த வீட்டு ஆவணம் கிடைக்காததால் நடக்கிறது.

பிசினஸ் விசாவில் வந்தவர் மீட்டிங்கில் உட்காரலாம். உற்பத்தி லைனில் இறங்கி ஸ்பேனரைப் பிடிக்க அவருடைய விசா வகையில் இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இல்லையென்றால் அது வேலை. "மூன்றே நாள் சார்" என்று புரொடக்‌ஷன் மேலாளர் வந்து நிற்பார். எழுத்தில் கேளுங்கள், பெரும்பாலும் திரும்பிப் போய்விடுவார்.

இந்தத் துறையில் நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது என்ன கொண்டு போகலாம்? அனுபவம் இல்லை.
– மதுரை

சான்றிதழ்க் கட்டு வேண்டாம். கற்பனையான ஓர் ஊழியரை வைத்து இரண்டு தாள் தயார் செய்யுங்கள். முதல் தாளில் அவருடைய வேலையை நான்கு கடமையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நேரத்தில் எத்தனை சதவீதம், படித்த எந்தப் பாடம் அதற்குத் தேவை என்று எழுதுங்கள். இரண்டாவது தாளில் அவருடைய ஆவணங்களின் வரிசைப் பட்டியல், ஒவ்வொன்றின் எதிரிலும் காலாவதித் தேதி, பெயர் எழுதப்பட்டிருக்கும் விதம். அதில் வேண்டுமென்றே ஒரு பெயர் முரண்பாட்டை வைத்து, அதை எப்படிச் சரிசெய்வீர்கள் என்று ஒரு வரி. எதிரில் இருப்பவர் அந்த வரியைத்தான் முதலில் படிப்பார்.